ரெண்டே கால் கோடி ரூபாய் ஆட்டக்காரரும், தண்ணி கேன் தூக்கின பையன்களும்!

2022 அக்டோபர் 8, சனிக்கிழமை ராத்திரி. சரவணம்பட்டி சத்தி ரோட்டில் ஒரு பேக்கரி. ஷிஃப்ட் முடித்து வந்த ஐ.டி. பிள்ளைகள், மேஸ்திரிகள், ஆட்டோக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர், சுவரில் மாட்டியிருந்த டி.வி-யை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். புரோ கபடி லீக்கின் 9-வது சீசன். பெங்களூரில் தமிழ் தலைவாஸுக்கும் குஜராத் ஜயன்ட்ஸுக்கும் ஆட்டம். எல்லோருடைய கண்ணும் ஒரே ஆள் மேல். பவன் செராவத். ஹை-ஃப்ளையர் என்று பட்டப்பெயர். எதிரணி ஆட்கள் மடக்க வந்தால் அவர்கள் தலைக்கு மேலே தாவிப் போகிற மனிதர்.

அவரைத் தலைவாஸ் ஏலத்தில் எடுத்த விலை 2 கோடியே 26 லட்சம் ரூபாய். அன்றைக்கு அந்த லீக்கிலேயே யாருக்கும் கொடுக்காத விலை. ஓர் அணி மொத்தமாகச் செலவு செய்ய அனுமதிக்கப்பட்ட தொகையே 4 கோடியே 40 லட்சம்தான். பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. வீட்டுச் சம்பளத்தில் பாதியை ஒரே ஒரு சாமானுக்கு இ.எம்.ஐ. கட்டுகிற மாதிரி.

ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிரணி ஆளை மடக்கப்போன இடத்தில் பவனின் முழங்கால் மடங்கியது. ஸ்ட்ரெச்சர் வந்தது. அந்த சீசனில் அவர் திரும்ப மேட்டில் கால் வைக்கவே இல்லை.

பேக்கரியில் ஒருத்தர், "போச்சுங்ண்ணா... ரெண்டே கால் கோடியும் போச்சு" என்று டீ கிளாஸை வைத்தார். இன்னொருத்தர் சேனலை மாற்றச் சொன்னார்.

மாற்றியிருந்தால் ஒரு நல்ல கதையைத் தவறவிட்டிருப்போம்.

அப்புறம் நடந்தது என்ன?

அடுத்து வந்த சில ஆட்டங்களில் தலைவாஸ் தடுமாறியது உண்மை. சீசன் பாதியில் பயிற்சியாளரே மாறினார். உதயகுமார் விலக, ஹரியானாக்காரரான ஆஷன் குமார் வந்தார். நட்சத்திரம் இல்லை, காசும் இல்லை. கையில் இருந்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். அதில் ஒருவர் நரேந்தர். புரோ கபடியில் அவருக்கு அதுதான் முதல் சீசன். ஏலத்தில் யாரும் கோடிக்குக் கேட்காத பெயர்.

அந்தப் பையன் அந்த சீசனில் எடுத்த ரெய்டு பாயின்ட் 243!

பின்னால் நின்று பிடித்தவர்கள் சாகர் ராட்டீ, சாஹில் குலியா என்ற இளவட்ட டிஃபெண்டர்கள். கூடவே அஜிங்க்யா பவார். 2017-ல் லீக்குக்குள் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட பிளே ஆஃப் வாசலை மிதிக்காத தலைவாஸ், அந்த வருஷம் ஐந்தாம் இடம் பிடித்து உள்ளே போனது. எலிமினேட்டரில் உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன் ஆகி, டை பிரேக்கரில் ஜெயித்தார்கள். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் தோற்றது 37-39. ரெண்டே ரெண்டு பாயின்ட்.

அதே பேக்கரி, டிசம்பர் மாசக் குளிர். தோற்ற ராத்திரி யாரும் திட்டவில்லை. "பசங்க நல்லா ஆடுனாங்க" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். தோற்ற அணியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் இப்படிப் பேசி நான் கேட்டது அபூர்வம்.

முந்தைய கதை

தலைவாஸுக்குப் பெரிய பெயர்களை வாங்கும் பழக்கம் பவனோடு ஆரம்பித்ததில்லை. ஆரம்பத்தில் சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர் என்ற பெருமையோடு வந்த அணி. 2019-ல், 7-வது சீசனுக்கு, ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். ஏற்கெனவே அஜய் தாக்கூர் இருந்தார், மஞ்சீத் சில்லர் இருந்தார். காகிதத்தில் பார்த்தால் இந்திய அணியே நிற்கிற மாதிரி இருந்தது. முடிவு, 22 ஆட்டங்களில் நாலே நாலு வெற்றி. 12 அணிகளில் 12-வது இடம். மூணு பெரிய பெயர்களுமே அந்த நேரத்தில் தங்கள் உச்சத்தைத் தாண்டியவர்கள். விலை நேற்றைய ஆட்டத்துக்கு, ஆட வேண்டியதோ இன்றைக்கு.

இன்னொரு கதை பிரபஞ்சனுடையது. தமிழ்நாட்டு ரெய்டர். தலைவாஸின் முதல் சீசனில் அஜய் தாக்கூருக்குத் துணையாக நன்றாக ஆடியவர். அடுத்த சீசன் அவர் குஜராத்தில். அதற்கடுத்து ஹரியானாவில். பிறகு 8-வது சீசனுக்கு அதே பிரபஞ்சனை 71 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கியது தலைவாஸ். சொந்த வீட்டுத் தேங்காயைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கோயிலுக்கு உடைக்க அதே தேங்காயைக் கடையில் வாங்குகிற கணக்கு.

இதே சந்தேகம் முதல் பத்தியில் சொன்ன ஆட்டத்திலும் எனக்கு வந்தது. அன்றைக்கு 'தமிழ்' தலைவாஸுக்கு எதிரே நின்ற குஜராத் அணியின் கேப்டன் யார் தெரியுமா? சந்திரன் ரஞ்சித். நம்ம தமிழ்நாட்டுக்காரர்!

அதற்கும் முன்னால், 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டன் தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துக்காரர், அப்போதே நாற்பது வயதைத் தாண்டியவர். அவர் ஆடிய காலத்தில் புனே, மும்பை, ஹரியானா என்று பல சட்டைகளை மாட்டினார். 2024-ல்தான் தலைவாஸின் வியூகப் பயிற்சியாளராக வந்தார்.

ஊர்ப்பற்றுப் பேசி அணியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஏலம் என்று வந்தால் யாரும் யாரையும் எடுக்கலாம். நம்மூர் ஆளை வெளியூர்க்காரன் எடுக்கிறான் என்றால் அந்த ஆளுக்கு அது லாபம்தான். நான் கேட்பது வேறு. எடுப்பதற்கு ஆள் எங்கிருந்து வருகிறான்? அவனை யார் வளர்க்கிறார்கள்?

நாற்றங்கால் இல்லாத தோட்டம்

கொங்குநாட்டுக்காரர்களுக்கு இதைத் தோட்டக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். காய்க்கிற தென்னையை வேரோடு பிடுங்கி லாரியில் கொண்டுவந்து நட முடியும். காசு இருந்தால் செய்யலாம். பிழைத்தால் அடுத்த வருஷமே இளநீர். பிழைக்காவிட்டால் மரமும் போச்சு, குழி வெட்டின கூலியும் போச்சு. நாற்று விட்டு வளர்த்தால் பல வருஷம் காத்திருக்கணும். ஆனால், ஒரு கன்று பட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்று நிற்கும்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். மட்டையால் அடித்துவிட்டு ஓடுவது, நம்ம கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அங்கே நூறு வருஷமாக இதே சண்டை நடக்கிறது. 1919 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, தன்னிடமிருந்த பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. அதற்கப்புறம் பாஸ்டன் கோப்பை ஜெயித்தது 2004-ல்தான். தாத்தா பார்த்து, பேரன் பார்க்கிற வரை காத்திருந்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பிராஞ்ச் ரிக்கி என்று ஒரு நிர்வாகி. பணக்கார அணிகளோடு போட்டி போட்டு ஆட்களை வாங்க அவரிடம் காசில்லை. சின்னச் சின்ன ஊர்களில் இருந்த சிறிய அணிகளைக் கையில் எடுத்து, அங்கே பையன்களைப் போட்டு வளர்த்து, பழுத்ததும் மேலே கொண்டுவந்தார். அதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'ஃபார்ம் சிஸ்டம்'. பண்ணை முறை! இன்றைக்கும் அங்கே பெரிய அணிகள் எல்லாவற்றுக்கும் கீழே இந்தப் பண்ணை இருக்கிறது.

சரி, காசு கொட்டினால் ஜெயிக்கவே முடியாதா? முடியும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2023 கடைசியில் ஷோஹெய் ஒடானி என்ற ஜப்பான்காரரைப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. 2024, 2025 ரெண்டு வருஷமும் கோப்பை அவர்களுக்குத்தான். பணக்காரன் தோற்றே தீருவான் என்று நான் எழுதினால் அது சினிமாக் கதை.

கபடியிலும் இதற்கு ஓர் ஆள் இருக்கிறார். ஈரான்காரர் முகமதுரேஸா ஷாத்லூயி. 10-வது சீசனுக்கு புனேரி பல்தான் அவரை 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. கோப்பை. அடுத்த சீசன் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்தது. கோப்பை! 'ராசியான மனுஷன்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், அவர் போய் நின்ற இடத்தைப் பாருங்கள். புனே அணியில் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்ற பையன்கள் ஏற்கெனவே வருஷக்கணக்கில் சேர்ந்து ஆடி வளர்ந்திருந்தார்கள். புரோ கபடியில் 'நியூ யங் பிளேயர்' என்று ஒரு பிரிவு உண்டு. ஏலத்துக்குப் போகாமல், அணியே இளம் ஆட்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். புனே அந்தக் கதவை நன்றாகப் பயன்படுத்தியது. ஹரியானாவிலும் ஜெய்தீப், ராகுல், வினய் என்று ஒரு கூட்டம் பழகி நின்றது. அப்படி எழும்பிய சுவரின் மேல் வைத்த ஓடு ஷாத்லூயி. அடுத்த சீசன் குஜராத் ஜயன்ட்ஸ் அவரை 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்தது. அங்கே சுவர் இல்லை. முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை.

எனக்கு இந்த மூணு சீசனும் சேர்ந்து சொல்வது, மூணு பேட்டியில் மூணு வல்லுநர்கள் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கிறது.

மறுபடியும் ஏலம், மறுபடியும்...

நரேந்தர், சாகர், சாஹில் என்று ஒரு நல்ல சீசனைக் காட்டிய தலைவாஸ் அதற்கப்புறம் என்ன செய்தது? 10-வது சீசனில் பெரும்பாலும் அதே பையன்களோடு போனது, பிளே ஆஃப் கிடைக்கவில்லை. பொறுமை அங்கேதான் தேவைப்பட்டது. 11-வது சீசனுக்கு சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தார்கள். பிளே ஆஃப் இல்லை. 12-வது சீசனுக்கு அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சம். கூடவே, யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பவன் செராவத்! இந்த முறை 59 லட்சத்து 50 ஆயிரம்.

அது இன்னும் சோகமாக முடிந்தது. சீசன் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே, 2025 செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி நிர்வாகம் பவனை வீட்டுக்கு அனுப்பியது. பவன் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று பேக்கரியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. தலைவாஸ் முதல் எட்டுக்குள் வரவில்லை என்பது மட்டும் பட்டியலில் இருக்கிறது.

பவனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். அவர் ஒன்றும் பிறக்கும்போதே ஹை-ஃப்ளையர் இல்லை. பெங்களூர் புல்ஸில் ரந்தீர் சிங் என்ற பயிற்சியாளரிடம் பழகி வந்தவர். அங்கிருந்து குஜராத் போனார், பெஞ்சுக்கும் மேட்டுக்குமாக இருந்தார், திரும்ப பெங்களூர் வந்தார். 6-வது சீசன் இறுதிப்போட்டியில் தனியாளாக 22 பாயின்ட் எடுத்து அந்த அணிக்கு முதல் கோப்பை வாங்கிக்கொடுத்தார். அந்த 22 பாயின்ட்டுக்குப் பின்னால் யாரோ பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்கள். 2 கோடியே 26 லட்சத்தில் அந்தப் பொறுமை அடங்கவில்லை.

2014-ல் முதல் புரோ கபடி ஏலம் நடந்தபோது அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரம். 2023-ல் பவனை தெலுகு டைட்டன்ஸ் எடுத்தது 2 கோடியே 60 லட்சத்துச் சொச்சம். பத்தே வருஷத்தில் இருபது மடங்கு. மண்ணில் விழுந்து முழங்கை தேய்த்த ஆட்டக்காரனுக்கு இவ்வளவு காசு வருகிறதே என்று ஒரு பக்கம் எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்து ஏலம்

ஏலம் என்றதும் கோடிகள்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதே ஏலம் பல வருஷமாக நடக்கிறது. சத்தமில்லாமல்.

பொங்கலுக்கும் கோயில் நோன்பிக்கும் கபடி டோர்னமென்ட் போடுவார்கள். 55 கிலோ, 60 கிலோ, 70 கிலோ என்று எடைப் பிரிவு. சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, விடிய விடிய ஃபோகஸ் லைட். பல வருஷத்துக்கு முன், அன்னூர்ப் பக்கம் ஓர் ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். உள்ளூர் அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. ஏழு பேரில் அஞ்சு பேர் எனக்கு முகம் தெரியாதவர்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"அவிங்கெல்லாம் வெளியூருங்க. ராத்திரிக்கு இவ்வளவுன்னு பேசி இட்டாந்திருக்காங்க."

"அப்ப நம்மூர்ப் பசங்க?"

அவர் கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார். அணியின் பெயர் போட்ட புது டி-ஷர்ட்டோடு நாலு பையன்கள். ஒருத்தன் கையில் தண்ணி கேன், ஒருத்தன் கையில் ஐஸ் பை, ஒருத்தன் வெளியூர் ஆட்களின் செருப்பையும் செல்போனையும் காவல் காத்துக்கொண்டிருந்தான். வருஷம் பூரா அந்த மண்ணில் பழகினவர்கள் அவர்கள்தான்.

கோப்பை வந்தது. ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. விடியற்காலை அந்த அஞ்சு பேரும் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் பக்கத்து ஊர் கூடக் காசு பேசியதால் அவர்கள் அங்கே இறங்கினார்கள். இந்த ஊர் முதல் சுற்றிலேயே வெளியே. தண்ணி கேன் தூக்கின பையன்களில் ரெண்டு பேர் அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தார்கள்.

கிரிக்கெட்டில் இது கொஞ்சம் வேறு மாதிரி நடந்திருக்கிறது, அதையும் சொல்லணும். 2021-ல் டி.என்.பி.எல்-லில் நம்ம கோவை கிங்ஸுக்காக சாய் சுதர்சன் என்ற சென்னைப் பையன் இறங்கினான். முதல் ஆட்டத்திலேயே 43 பந்தில் 87. அடுத்த வருஷம் ஐ.பி.எல்-லில் குஜராத் டைட்டன்ஸ் அவரை எடுத்த விலை வெறும் 20 லட்சம். 2023-ல் டி.என்.பி.எல் முதல்முறையாக ஏலம் வைத்தபோது, கோவை கிங்ஸ் அவரை 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. ஐ.பி.எல்-லைவிட நம்ம ஊர் லீக்கில் சம்பளம் அதிகம்! அந்த வருஷம் மே மாசம் ஐ.பி.எல் இறுதிப்போட்டியில் அதே பையன் 47 பந்தில் 96 அடித்தான். யாருக்கு எதிராக? சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக. சென்னை ஜெயித்துவிட்டது, அது வேறு விஷயம். ஆனால், சொந்த ஊர்ப் பையன் சொந்த ஊர் அணியை அப்படிப் போட்டு வெளுத்ததைப் பார்த்த சேப்பாக்க ரசிகர்கள் கைதட்டுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருப்பார்கள். 2025-ல் அவரைத் தக்கவைக்க குஜராத் கொடுத்தது எட்டரைக் கோடி. அவர் திருப்பிக் கொடுத்தது 759 ரன், ஆரஞ்சு தொப்பி.

டி.என்.பி.எல் மாதிரி ஒரு நடுப்படி கிரிக்கெட்டில் இருப்பதால் இது நடந்தது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் அந்தப் படியில் ஏறிப் போனவர்தான். திண்டுக்கல் டிராகன்ஸுக்கு யார்க்கர் போட்டு, ஐ.பி.எல் போய், ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூணு வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். சம்பாதித்த காசில் சொந்த ஊரில் கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அணி முதலாளிகள் யாரும் போடாத நாற்றை, வாங்கப்பட்ட ஆட்டக்காரரே திரும்பி வந்து போட்டிருக்கிறார்.

கபடியில் அந்த நடுப்படி பலவீனம். பள்ளிக்கூட ஆட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறலாம். அரசு விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கபடி இருக்கிறது. ஆனால், செம்மண் தரையில் வெறுங்காலோடு பழகுகிற பையன், மேட்டில் ஷூ போட்டு ஆடுகிற ஆட்டத்துக்குப் போகும்போது முதல் நாளே வழுக்குகிறான். மேட் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடிப் போகணும். ஹரியானாவில் இந்தத் தேடலே கிடையாது. ஊருக்கு ஊர் பயிற்சிக்கூடம், அதிலிருந்து வந்த பழைய ஆட்டக்காரர்களே பயிற்சியாளர்கள். நம்ம 'தமிழ்' தலைவாஸைக் காப்பாற்றிய நரேந்தரும் சாகரும் அங்கே விட்ட நாற்றுகள்தான் என்பதை நாம் ஒப்புக்கொள்ளணும்.

ஆள் இல்லாமல் இல்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் தூத்துக்குடிப் பக்கம் மணத்தி கணேசன் இருந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். கண்ணகி நகரில் என்ன ஆடம்பரப் பயிற்சிக்கூடமா இருக்கிறது? ஒரு பயிற்சியாளரும், விடாமல் வருகிற பிள்ளைகளும்.

ஒரு அம்மாவின் கேள்வி

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் தெருவில் ஒரு பையன். பத்தாவது படிக்கிறான். அரசுப் பள்ளி அணியில் ரெய்டர். அப்பா இல்லை. அம்மா அபார்ட்மென்ட்களில் வீட்டு வேலைக்குப் போகிறவர். முந்தின மாசம் என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறீங்க. என்ற பையன் இத வெளையாண்டுட்டுப் போனா சோறு திம்பானுங்களா?"

கோடிக் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது. செல்போனில் பையன் காட்டியிருக்கிறான். நான் பழைய கணக்கைச் சொன்னேன். ஏலம் வருவதற்கு முன்னால் கபடிக்காரர்களைக் காப்பாற்றியது ரயில்வே, ராணுவம், போலீஸ், ஓ.என்.ஜி.சி, வருமான வரித்துறை மாதிரியான துறை அணிகள்தான். அவர்கள் ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்தார்கள். முழங்கால் போனாலும் மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வரும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் முக்கியம், எந்தப் போட்டி, எந்த அளவில் என்பது முக்கியம். ராத்திரி டோர்னமென்ட்டில் எத்தனை கோப்பை வாங்கினாலும் அது கணக்கில் வராது. மாவட்டச் சங்கம், பள்ளிக் கல்வித்துறைப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று போனால்தான் காகிதம் சேரும். படிப்பையும் விடக் கூடாது, கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்கலாம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பரவால்லீங்" என்றார். கோடியைப் பற்றித் திரும்பப் பேசவே இல்லை.

பையன் பழகுகிற இடம் துடியலூர் ரோட்டுப் பக்கம் ஒரு காலி மனை. சரவணம்பட்டியில் காலி மனை என்பதே இப்போது அதிசயம். நான் பார்த்து வளர்ந்த மைதானங்களில் இன்றைக்கு லிஃப்ட் ஓடுகிறது. அந்த மனையிலும் ஒரு ரியல் எஸ்டேட் போர்டு நிற்கிறது. போர்டுக் கம்பத்தில்தான் பையன்கள் சட்டையைக் கழற்றி மாட்டுகிறார்கள்.

வருகிற பொங்கலுக்கு டோர்னமென்ட் உண்டு. எங்கள் பக்கத்து அணியை நடத்துகிற அண்ணனைப் பார்த்து, இந்த வருஷமும் வெளியூர் ஆட்கள்தானா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேர்தானுங் இந்த வாட்டி. ரேட்டு ஏத்திட்டானுங்க, கட்டுபடியாகல."

கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, பட்ஜெட்! எப்படியோ, ஏழு பேரில் அஞ்சு இடம் உள்ளூருக்கு. அதில் ஒன்று அந்தப் பத்தாவது பையனுக்கு. 60 கிலோ பிரிவு. நேற்று பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏறி நின்றிருக்கிறான். 60 கிலோ 400 கிராம். ராத்திரி சோற்றைக் குறைக்கிறான் என்று அம்மா என்னிடம் புகார் சொல்கிறார்.